32 டிகிரி வெயிலில் யாருக்குப் போர்வை?

பினாங்கில் போர்வை தைத்து இலவசமாகக் கொடுக்கிறோம் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். என் வகுப்புத் தோழியும் சிரித்தாள். "இங்க காத்தாடி இல்லாம தூங்க முடியல, நீ போர்வை தைக்கிறியா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. பகலில் 32 டிகிரி, நடு இரவிலும் 24, 25 டிகிரிக்குக் கீழே அவ்வளவாக இறங்காத ஊர் இது. கோம்தார் பஸ் நிலையத்தில் பத்து நிமிடம் நின்றாலே சட்டை நனைந்துவிடும்.

நானும் ஒரு வருடத்துக்கு முன் அப்படித்தான் கேட்டிருப்பேன். அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்கு அவரை அழைத்துப் போகத் தொடங்கிய பிறகுதான் இந்த ஊரிலும் குளிரில் நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது.

ஒரு தடவை போனால் நான்கு மணி நேரம். உடம்பிலுள்ள ரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து, இயந்திரத்தில் சுத்தமாகி, மறுபடி உடம்புக்குள் போகிறது. வெளியே ஓடி வரும்போதே அது கொஞ்சம் சூட்டை இழக்கிறது. சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தசோகையும் சேர்ந்தே இருக்கும், அதனாலும் குளிர் தாங்காது. இதற்கு மேல் அந்த அறைக்குக் குளிர்சாதனம். அசையாமல் நான்கு மணி நேரம் படுத்திருக்கிறவருக்கு அது பனிமலை மாதிரி. மலேசியாவில் இப்படிச் சுத்திகரிப்புச் செய்துகொள்கிறவர்கள் 50,000 பேருக்கும் மேல். புதிதாகச் சேர்கிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் காரணம் நீரிழிவு. அப்பாவும் அந்தக் கணக்கில் ஒருவர்.

அவர் வீட்டிலிருந்து ஒரு பழைய கைலியைக் கொண்டுபோய்க் கால்மேல் போட்டுக்கொள்வார். அது போதவில்லை என்பது அவர் விரல்களைப் பார்த்தால் தெரியும். கேட்டால், "ஒண்ணும் இல்ல, நீ படி" என்பார்.

இந்த நிலையில்தான் அம்மாவின் தோழி ஒருவர், ஜார்ஜ் டவுனில் தாம் போகும் தேவாலயத்தில் சனிக்கிழமைகளில் போர்வை தைக்கும் குழு ஒன்று இருப்பதாகச் சொன்னார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் போனது அப்பாவுக்காக அல்ல. பல்கலைக்கழகத்தில் புறப்பாடப் புள்ளிக்குச் சமூக சேவை மணி நேரம் தேவைப்பட்டது. தையல் தெரியுமா என்று கேட்டார்கள். இடைநிலைப்பள்ளியில் வாழ்வியல் திறன் பாடத்தில் ஒரு தலையணை உறை தைத்தேன் என்றேன். அந்த உறைக்குள் தலையணை நுழையவில்லை என்பதைச் சொல்லவில்லை.

மண்டபம் தேவாலயத்தின் பின்பக்கம் இருக்கிறது. நீளமான மேசைகள், தலைக்கு மேல் சத்தம் போடும் காற்றாடிகள், மூன்று மின்சாரத் தையல் மெஷின்கள், காலால் மிதிக்கும் பழைய சிங்கர் ஒன்று. வருகிறவர்கள் பதினைந்து பேர் இருப்பார்கள். பெரும்பாலும் அறுபது தாண்டிய பெண்கள். தமிழ் பேசும் ஆண்டிகள், ஹொக்கியன் பேசும் ஆண்டிகள், யுரேசிய ஆண்டி ஒருவர். பாதி வாக்கியம் மலாய், பாதி ஆங்கிலம், திட்டுவதற்கு மட்டும் தாய்மொழி. நான் கோயிலுக்குப் போகிற வீட்டுப் பெண் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. காலையில் ஒரு சின்ன ஜெபம், பிறகு வேலை. பத்தரைக்குக் காப்பி, யாராவது கொண்டுவந்த குவே, மறுபடி வேலை.

முதல் நாள் எனக்கு ஊசியே தரவில்லை. மூட்டை பிரிக்கச் சொன்னார்கள்.

தானமாக வரும் துணியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நல்ல மனதோடு கொடுக்கிறவர்கள் நிறைய பேர். லிட்டில் இந்தியாவில் இருக்கும் தையல்காரர்கள் வெட்டு மிச்சங்களைப் பையில் கட்டித் தருகிறார்கள். பள்ளி முடித்த பிள்ளைகளின் நீலப்பச்சைச் சீருடைகள் வருகின்றன. கூடவே, குப்பை லாரிக்குப் போக வேண்டியதையும் சிலர் நமக்கு அனுப்புகிறார்கள். நான் பிரித்த முதல் ஐந்து மூட்டைகளில் இரண்டு, பூஞ்சை வாடையும் எலி கடித்த ஓட்டையுமாக இருந்தன. ஒன்றில் உள்ளாடைகள். எனக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் இருந்த ஆண்டி கையுறை போட்டுக்கொண்டே, "வீட்டுல தூக்கிப் போட மனசு வராது. இங்க கொடுத்தா புண்ணியம்னு நெனச்சுக்குவாங்க" என்றார். அவருக்குக் கோபம் இல்லை. எனக்கு இன்னும் இருக்கிறது.

நல்ல துணியிலும் எல்லாம் ஆகாது. ஜரிகை உடம்பை அறுக்கும். ரவிக்கைத் துணியில் பாதி பாலியெஸ்டர், வியர்வையை உறிஞ்சாது. எது பருத்தி என்று கண்ணால் தெரியாதபோது ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுகிறார்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து, சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, கறுத்த மணியாக இறுகும். வேதியியல் வகுப்பில் பாலிமர் படித்தபோது எனக்கு யாரும் இதைக் காட்டவில்லை. பிறகு எல்லாத் துணியையும் வெந்நீரில் ஒரு தடவை துவைக்க வேண்டும். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும், சாயம் போவது இப்போதே போகட்டும் என்பதற்காக. பாத்திக் துணியையும் சிவப்பையும் தனியாகத்தான் போடுவார்கள். இந்த விதியை மீறி ஒரு தடவை ஒரு வாளித் துணியை இளஞ்சிவப்பாக மாற்றிய பெருமை எனக்கு உண்டு.

படம் போட்ட துணிக்குத் தனி விதி. சிலுவை, ஓம், பிள்ளையார், கொடி, கட்சிச் சின்னம் எதுவும் கூடாது. அமெரிக்காவில் லூத்தரன் தேவாலயப் பெண்கள் பல பத்தாண்டுகளாக இப்படிப் போர்வை தைத்து, லூத்தரன் உலக நிவாரண அமைப்பின் மூலம் அகதி முகாம்களுக்கும் பேரிடர் நடந்த ஊர்களுக்கும் அனுப்புகிறார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945இல் தொடங்கிய அமைப்பு அது. அவர்கள் போர்வையின் அளவு 60க்கு 80 இன்ச். அவர்களும் மத அடையாளம், கொடி, ராணுவத் துணி போன்றவற்றைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். போர்வை யார் கைக்குப் போய்ச் சேரும் என்பது தைக்கிறவருக்குத் தெரியாது என்பதுதான் காரணம். எங்கள் மண்டபத்தில் ஒரு நாள் அருமையான பருத்திச் சேலை வந்தது, முந்தானை முழுக்கக் குட்டிக் குட்டிப் பிள்ளையார்கள். வெட்டலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு கத்தோலிக்க ஆண்டி அதை மடித்து என் பையில் வைத்தார். "சாமி படத்தைக் கத்தரிக்கோலால வெட்டக் கூடாதும்மா. உங்க வீட்டுக்குக் கொண்டுபோ" என்றார்.

சரி, தையலுக்கு வருகிறேன். எங்கள் போர்வை மடிமேல் போடுவது. அகலம் 36 இன்ச், நீளம் 42 இன்ச். ஆறு இன்ச் சதுரங்கள் குறுக்கே ஆறு, நெடுக்கே ஏழு, மொத்தம் 42. ஒவ்வொரு சதுரத்தையும் ஆறரை இன்ச்சாக வெட்ட வேண்டும், நான்கு பக்கமும் கால் இன்ச் தையலுக்குள் போய்விடும் என்பதால். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? நான் படிப்பது புள்ளியியல். பிழை எப்படிச் சேர்ந்து பெருகும் என்று வகுப்பில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் அதைக் கையில் தொட்டுப் பார்த்தது இங்கேதான். ஒவ்வொரு ஓரத்திலும் இன்ச்சில் பதினாறில் ஒரு பங்கு மட்டும் கூடுதலாக உள்ளே பிடித்துத் தைத்தேன். கண்ணுக்கே தெரியாத அளவு. ஒரு தையலுக்கு இரண்டு ஓரம், ஆக எட்டில் ஒரு பங்கு குறையும். ஏழு சதுரத்துக்கு நடுவே ஆறு தையல், முக்கால் இன்ச் காணாமல் போய்விட்டது. பக்கத்து வரிசையைத் தைத்தவர் சரியாகத் தைத்திருந்தார். இரண்டையும் சேர்த்து வைத்தபோது என் வரிசை குட்டைக் கால்சட்டை போட்ட மாதிரி நின்றது.

பிரிக்கச் சொன்னார்கள். பிரித்தேன். மறுபடி தைத்தேன், மறுபடி பிரித்தேன். மூன்றாவது தடவை தலைமை ஆண்டி மெஷின் தட்டில் ஒரு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, "ஊசியைப் பாக்காத, டேப்பைப் பாரு" என்றார். அதோடு பிரச்சினை தீர்ந்தது. ஒரு மணி நேரம் முன்னாடியே சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன். அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

மேல்துணி தயாரானதும், நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரே துண்டாகப் பழைய படுக்கை விரிப்பு. மூன்றையும் மேசையில் விரித்து, சுருக்கம் இல்லாமல் நீவி, குண்டூசி குத்தி, சதுரங்களின் மூலைகள் சேரும் இடத்தில் எல்லாம் தடித்த நூலை மேலிருந்து கீழே விட்டு, மேலே எடுத்து, இறுக்கி முடி போடுவோம். இந்த முடிச்சுகள்தான் உள்ளே இருக்கும் பஞ்சு நகராமல் காப்பவை. கடைசியில் சுற்றிலும் ஓரப்பட்டி.

இந்த 36க்கு 42 என்ற அளவுக்குப் பின்னால் ஒரு தவறு இருக்கிறது. நான் சேர்வதற்கு முன் குழுவினர் ஆள் உயரத்துக்குப் பெரிய போர்வைகளாகத் தைத்து ஒரு சுத்திகரிப்பு மையத்துக்குக் கொடுத்தார்களாம். நோயாளிகள் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். அங்கிருந்த தாதி வந்து வந்து போர்வையை விலக்கிக்கொண்டே இருந்தார். ஆண்டிகளுக்கு மனக்கசப்பு. அப்புறம்தான் அந்தத் தாதி விளக்கினார். கையில் ஊசி குத்தியிருக்கும் இடமும், குழாய்கள் இணையும் இடமும், நோயாளியின் முகமும் எப்போதும் ஊழியர்களின் கண்ணில் பட வேண்டும். ஊசி நழுவினால் போர்வைக்கு அடியில் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. நிமிடங்களில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். வெதுவெதுப்பான, கனமான, அழகான ஒரு போர்வை ஒருவரைக் கொன்றுவிடலாம்.

இதைக் கேட்ட அன்று எனக்குக் கை நடுங்கியது. அப்பா கைலியை எங்கே வரை இழுத்துக்கொள்கிறார் என்று அதுவரை நான் கவனித்ததே இல்லை.

அதன் பிறகு குழு அளவைக் குறைத்தது. கால்களையும் மடியையும் மூடும், கை வெளியே இருக்கும். தைப்பதற்கு முன் ஒரு தடவை கேட்டிருந்தால் அந்தப் பெரிய போர்வைகளுக்கான உழைப்பு வேறு இடத்துக்குப் போயிருக்கும். உதவி செய்யப் போகிற மாணவர் குழுக்களிலும் இதை நான் பார்க்கிறேன். முதலில் டி-சட்டை அச்சடிக்கிறோம், அப்புறம்தான் அங்கே என்ன வேண்டும் என்று கேட்கிறோம். கேட்காமலே இருப்பதும் உண்டு.

காப்பி நேரத்தில் கதைகள் வரும். ஹொக்கியன் ஆண்டி ஒருவர் சொன்னது, சீனர்களிடம் நூறு குடும்பப் போர்வை என்று ஒரு வழக்கம் உண்டாம். குழந்தை பிறந்தால் உறவு, அக்கம்பக்கம் என்று நூறு வீடுகளில் ஆளுக்கொரு துண்டுத் துணி வாங்கி, ஒட்டுப் போட்டுப் போர்வை தைப்பார்கள். நூறு வீட்டு ஆசியும் குழந்தைக்குச் சேரும் என்று நம்பிக்கை. எனக்கு உடனே எங்கள் வீட்டு ஏணை ஞாபகம் வந்தது. புதுச்சேலையில் நாம் பிள்ளையைப் போடுவதில்லை. பாட்டியின் பழைய பருத்திச் சேலைதான், பல வருடம் துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போனது. வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூல் உருவி ஓட்டுத் தையல் போட்டுக் காந்தா தைக்கிறார்கள். நம் 'கந்தை' என்ற சொல்லுக்கு அது உறவு. கர்நாடகத்தில் வடகன்னடக் காட்டோரங்களில் வாழும் சித்தி இனப் பெண்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள், கவந்தி என்ற போர்வையை ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்குத் தைத்துக்கொண்டு வருகிறார்கள். நான்கு மூலையிலும் 'பூ' என்று சொல்லும் சிறு மடிப்புத் துணி வைக்காவிட்டால் அந்தப் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்களாம். லோரோங் பர்மாவில் இருக்கும் புத்த கோயில்களுக்குப் போகிறவர்கள் பிக்குவின் அங்கியை ஒரு தடவை கூர்ந்து பாருங்கள். ஒட்டுப்போட்டுத் தைத்த வரப்பும் பாத்தியும் தெரியும். மகத நாட்டு வயல்களைப் பார்த்து, அந்த மாதிரி வெட்டித் தைக்கச் சொல்லி புத்தர் ஆனந்தரிடம் சொன்னதாகப் பௌத்த நூல்கள் கூறுகின்றன.

ஆனால் எனக்கு மனதில் நின்றது, இங்கிருந்து ஒரு பகல் பயணத்தில் இருக்கும் ஊரின் கதை.

1941 டிசம்பர் 11ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மீது குண்டு போட்டன. 13ஆம் தேதி இரவு ஐரோப்பியப் பெண்களையும் குழந்தைகளையும் ஆட்சியாளர்கள் சத்தமில்லாமல் தீவிலிருந்து வெளியேற்றினார்கள். நம்மவர்களுக்கும் சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் தகவல் இல்லை. எல்லோரும் போன பிறகு கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியர், இலங்கைத் தமிழரான சரவணமுத்து. அந்தக் கதை தனியாக எழுத வேண்டியது. இப்போது, சிங்கப்பூர் பக்கம் ஓடியவர்களைப் பார்ப்போம். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரும் விழுந்தது. மார்ச் மாதம் பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் 400 பேரைச் சாங்கிச் சிறைக்கு வெயிலில் நடத்திக்கொண்டு போனார்கள். 600 கைதிகளுக்காகக் கட்டிய சிறையில் ஆண், பெண், குழந்தை என ஆயிரக்கணக்கானோர். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். இராணுவத்தில் இருந்தவர்கள் வேறு முகாமில். யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. கடிதம் எழுதத் தடை.

அங்கே எத்தல் மல்வனி என்ற கனடாப் பெண்மணி ஒரு யோசனை சொன்னார். மருத்துவமனையில் காயம்பட்டுக் கிடப்பவர்களுக்குப் போர்வை தைத்துக் கொடுப்போம். மாவு மூட்டைத் துணி போன்ற வெள்ளைத் துணியில் ஆளுக்கொரு சதுரம் கொடுத்தார்கள். உங்களைப் பற்றி ஏதாவது ஒன்றைப் பூத்தையலில் போடுங்கள், பெயரையும் போடுங்கள் என்றார்கள். ஒரு போர்வைக்கு 66 சதுரங்கள். ஒன்று பிரிட்டிஷ் வீரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலிய வீரர்களுக்கு, ஒன்று காயம்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கு. மூன்றாவது போர்வை இருந்ததால்தான் மற்ற இரண்டும் சிறை வாசலைத் தாண்டின என்று சொல்லலாம். காவலர்கள் பார்த்தது பூவும் பறவையும். ஆண்கள் முகாமில் போர்வையை விரித்தவர்கள் தேடியது பெயர்களை. என் மனைவி பெயர் இருக்கிறதா? இருக்கிறது. அப்படியானால் உயிரோடு இருக்கிறாள். ஒரு சதுரத்தில் நீல ரிப்பன் கட்டிய முயல் குட்டி. சிறையில் ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது என்று தகப்பனுக்குச் சொன்ன சேதி அது என்கிறார்கள்.

ஆஸ்திரேலியப் போர்வையில் ஒரு சதுரம் ஷீலா ஆலன் என்ற பெண் தைத்தது. ஆஸ்திரேலிய வரைபடமும் ஒரு கங்காருவும். ஷீலா நம் தைப்பிங்கில் பிறந்தவர். தகப்பனார் ஆஸ்திரேலியர். சிறைக்குள் போகும்போது அவருக்கு 17 வயது, படிவம் ஐந்து மாணவியின் வயது. தன் தகப்பனின் நாட்டைத்தான் அவர் தன் அடையாளமாகத் தைத்தார். சிறையில் ரகசியமாக நாட்குறிப்பு எழுதி, பிற்காலத்தில் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். அதே சிறையில் 8 வயது முதல் 16 வயது வரையிலான சாரணியச் சிறுமிகள் இருபது பேர், தங்களை வழிநடத்திய எலிசபெத் என்னிஸின் பிறந்தநாளுக்காக, கிழிந்த உடைகளிலிருந்து அறுகோணத் துண்டுகள் வெட்டி இன்னொரு போர்வையை ஒளித்து ஒளித்துத் தைத்தார்கள். அது இப்போது லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் போர்வை பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் உள்ளது. ஆஸ்திரேலியப் போர்வையும் ஜப்பானியப் போர்வையும் கான்பெரா போர் நினைவகத்தில்.

நான் இந்தப் போர்வைகளின் படங்களைக் கைத்தொலைபேசியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாருக்காக இவை தைக்கப்பட்டன? காயம்பட்டவர்களுக்கு என்பது பாதி உண்மை. தைத்தவர்களுக்கும் அது தேவைப்பட்டது. எனக்கும் அப்படித்தான். புள்ளிக்கான மணி நேரம் முதல் இரண்டு மாதத்திலேயே முடிந்துவிட்டது. ஆனாலும் போகிறேன். அந்த நான்கு மணி நேரம் நான் பொட்டாசியம் பட்டியல் பார்ப்பதில்லை, அப்பாவின் எடை ஏறிவிட்டதா, எத்தனை மில்லி தண்ணீர் குடித்தார் என்று கணக்குப் போடுவதில்லை. டேப்பை மட்டும் பார்க்கிறேன். சேவை என்று சொல்லிக்கொண்டு நமக்கே மருந்து தேடிக்கொள்வது தப்பா என்று ஒரு நாள் தலைமை ஆண்டியிடம் கேட்டேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "முடி சரியா போட்டியா?" என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்பாவுக்கு ஒரு போர்வை வேண்டும் என்று நான் கேட்டிருந்தால் உடனே கொடுத்திருப்பார்கள். கேட்டேன், கொடுத்தார்கள். நீலமும் பச்சையுமாக ஒன்று. வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். அப்பா அதைத் திருப்பிப் பார்த்தார். "எங்கேருந்து?" என்றார். சொன்னேன்.

"தர்மத்துக்குக் கொடுக்கறதா?"

"எல்லாருக்கும் கொடுக்கறதுதான்பா."

"எனக்கு வேணாம். கைலி இருக்கு."

நான் கோபப்பட்டேன். அவரும் கோபப்பட்டார். அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். இருபத்தைந்து வருடம் லாரி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றிய மனுஷன். நோய் வந்த பிறகு எல்லாமே யாரோ கொடுப்பதாக ஆகிவிட்டது. சுத்திகரிப்புக்கு உதவித்தொகை, மருந்துக்குச் சலுகை, போக வர மாமாவின் வண்டி. அத்தனைக்கும் படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டவர், ஒரு போர்வைக்கு மட்டும் மாட்டேன் என்றார். இப்போது யோசித்தால் அவர் வேண்டாம் என்று சொல்ல முடிந்த ஒரே பொருள் அதுதான் என்று தெரிகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது.

போர்வை நாற்காலியில் கிடந்தது. இரண்டு நாள் கழித்து அப்பா அதைக் கையில் எடுத்து ஒரு முடிச்சை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார். அது கழன்று வந்தது.

"யாரு போட்ட முடி இது?"

"நான்தான்."

"ரெண்டு தடவை துவைச்சா அவுந்துடும்."

எனக்குத் தெரியாத ஒரு விஷயம் அன்று வெளியே வந்தது. லாரி ஓட்டுவதற்கு முன், கல்யாணத்துக்கு முன், அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அரிசிக் கிடங்கில் வேலை செய்திருக்கிறார். கிழிந்த கோணிகளைத் தைப்பதுதான் முதல் வேலையாம். வளைந்த கோணி ஊசி, சணல் நூல். ஒரு மூட்டை அரிசியின் பாரத்தைத் தாங்குகிற முடி எப்படிப் போடுவது என்று காட்டினார். நூலை ஒரு சுற்று அல்ல, இரண்டு சுற்று சுற்றி, எதிர்ப்பக்கமாக மறுபடி ஒன்று, பிறகு எச்சில் தொட்டு இழுக்க வேண்டும். எச்சில் வேண்டாம் என்றேன். சரி, தண்ணீர் தொடு என்றார். ஊசி போடும் கையால் கனமானது தூக்கக்கூடாதே தவிர, நூல் இழுக்க ஒன்றும் தடையில்லை. அன்று இரவு அந்தப் போர்வையில் நான் போட்ட முடிச்சுகள் முப்பதையும் வெட்டி எடுத்துவிட்டு அவரே புதிதாகப் போட்டார். நடுவில் ஒரு தடவைகூட அவர் என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அதை மண்டபத்துக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். தலைமை ஆண்டி ஒரு முடிச்சை இழுத்துப் பார்த்தார், இன்னொன்றை இழுத்துப் பார்த்தார், "இது யாரோட கை?" என்று கேட்டார்.

இப்போது வெள்ளிக்கிழமை சுத்திகரிப்பு முடிந்து, சனிக்கிழமை காலை உடம்பு தெம்பாக இருந்தால் அப்பாவும் வருகிறார். கடைசி மேசையில், ஜன்னல் பக்கம். மண்டபத்தில் ஒரே ஆண். முடி போடும் வேலை முழுவதும் அவருடையது. ஹொக்கியன் ஆண்டி அவரிடம் மலாயில் பேசுகிறார், அவரும் கிடங்கு நாட்களில் கற்ற அரைகுறை ஹொக்கியனில் பதில் சொல்கிறார். அவர் முடி போட்ட போர்வைகள் இதுவரை பதினொன்று. எந்தப் போர்வை யாருக்குப் போகிறது என்று எங்களுக்குச் சொல்வதில்லை, அது குழுவின் விதி. மையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதோடு சரி, புதிதாகச் சேரும் நோயாளிக்குத் தாதி எடுத்துக் கொடுப்பார். இருந்தாலும் அப்பா ஒவ்வொரு வாரமும் வண்டியில் ஏறியதும் கேட்கிறார்: "அந்தச் சிவப்புப் பூப் போட்டது போயிடுச்சா? பொம்பளையா, ஆம்பளையா?"

அவருக்கு இன்னும் கைலிதான். போன வாரம் அம்மா அதை இரண்டாக மடித்து, ஓரம் தைத்துக் கொடுத்தார்.